துருக்கியின் மலைக் கிராமத்தில் தங்கி வருவது எப்படி: ஃபெத்தியேயிலிருந்து ஃபராலியா, கபாக், அலின்ஜா வரை முழுமையான வழிகாட்டி

துருக்கிக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் இஸ்தான்புல், கப்படோக்கியா, பாமுக்கலே ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, கையில் மிச்சமிருக்கும் நாள்களில் அமைதியான கிராமம் ஒன்றுக்கும் போய்வரலாம் என்று கிளம்புகிறார்கள். அந்தத் திட்டம் பெரும்பாலும் கிராமத்தில் குலைவதில்லை. அதற்கு முந்தைய முப்பது கிலோமீட்டரில்தான் குலைகிறது. கடைசி வண்டி போயிருக்கும், பணம் எடுக்க இயந்திரம் இருக்காது, பதிவு செய்த அறை வரைபடத்தில் வேறு பெயரில் இருக்கும்.

எனவே இந்த வழிகாட்டி பயணத்தின் வரிசையில் அமைகிறது. எடுத்துக்காட்டாகத் தென்மேற்கு மூலையிலுள்ள முலா மாகாணத்தின் மலைக் கிராமங்களைக் கொள்கிறேன்: ஃபெத்தியே நகரத்திலிருந்து ஒலூதெனிஸ் கடற்கரையைத் தாண்டி மலைமேல் ஏறும் பாதையில் உள்ள ஃபராலியா, கபாக், அதற்கும் மேலே அலின்ஜா. ஊர்ப்பெயர்களை மாற்றிக்கொண்டால் ஏஜியன் பகுதியின் மற்ற கிராமங்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

1. பருவத்தையும் பண்டிகையையும் முதலில் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் இறுதி வரையிலான வாரங்களும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமையாக இருப்பதோடு, கபாக் கடற்கரையில் கூடாரமும் கூட்டமும் நிறைந்துவிடும். அமைதியைத் தேடி அப்போது அங்கே போவதில் பொருளில்லை. நவம்பருக்குப் பிறகு மழை தொடங்கும், தங்குமிடங்களில் பல மூடிவிடும், டொல்முஷ் எனப்படும் பங்குச் சிற்றுந்துகளும் குறைந்துவிடும். துருக்கி ஆண்டு முழுவதும் ஒரே நேரக் கணக்கைப் பின்பற்றுவதால், டிசம்பரில் இந்தப் பகுதியில் சூரியன் எழவே காலை எட்டு மணி தாண்டிவிடும் என்பதையும் நடைப்பயணக்காரர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்து நாட்காட்டியில் நோன்புப் பெருநாள், தியாகத் திருநாள் ஆகிய இரண்டு விடுமுறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்திர நாட்காட்டியின்படி இவை ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். நகரத்தில் வேலை செய்வோர் அப்போது சொந்த ஊருக்குத் திரும்புவதால் தொலைதூரப் பேருந்துகளில் இடம் கிடைப்பது அரிது. பெருநாளின் முதல் நாளில் உள்ளூர் வண்டியும் ஒழுங்காக ஓடாது. ரமலான் மாதத்தில் செல்வதில் தவறில்லை, ஆனால் சிற்றூர்களில் பகலுணவு கிடைக்கும் என்று எண்ணிச் செல்லக் கூடாது.

2. விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் விசாவோ வதிவிட அனுமதியோ இருந்தால்தான் துருக்கியின் மின்விசா கிடைக்கும். இல்லாதவர்கள் தூதரக வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான்: அந்தத் துணை ஆவணமே மின்விசாவாக இருந்தால் ஏற்கப்படாது. மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டிஷ், கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் துருக்கி வெளியுறவு அமைச்சின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் அதே விண்ணப்பத்துக்குக் கூடுதல் பணம் வாங்குகின்றன.

3. கடைசி வண்டியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

இந்தப் பயணத்தின் மையமே இந்தப் படிதான். பெரும்பாலோர் விமானத்தில் தொடங்கி முன்னோக்கித் திட்டமிடுகிறார்கள். கிராமத்துக்குச் செல்லும் கடைசி டொல்முஷ் எப்போது என்பதை அங்கே இறங்கிய பிறகு கேட்கிறார்கள். நீங்கள் தலைகீழாகத் தொடங்க வேண்டும்.

முதலில் தங்குமிட உரிமையாளரிடம் அந்தப் பருவத்தில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு ஃபெத்தியேயை விட்டுக் கிளம்புகிறது என்று கேளுங்கள். “சோன் டொல்முஷ் கச்தா?” என்ற ஒரு வரி போதும். வாட்ஸாப்பில் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வரும். இணையத்தில் காணும் நேர அட்டவணைகள் கோடைக்குரியவையாகவோ சில ஆண்டுகள் பழையவையாகவோ இருப்பது வழக்கம். ஓட்டுநரின் கைப்பேசி எண்ணை அறிந்தவர் ஊர்க்காரரே.

அந்த நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது ஃபெத்தியேயில் இருக்குமாறு அமையுங்கள். அருகிலுள்ள விமான நிலையம் தாலமான். அங்கிருந்து ஃபெத்தியேக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், விமானங்களுக்கு ஏற்ப நகரப் பேருந்துகள் செல்கின்றன. அதாவது தாலமானில் பிற்பகல் நேரத்தில் இறங்குபவர் அன்றே மலையேற முயலாமல், அந்த இரவை ஃபெத்தியேயில் கழித்துவிட்டு மறுநாள் காலை கிளம்புவதே நல்லது. அந்த ஓர் இரவுக்கு ஆகும் செலவு, இருட்டிய பிறகு தனி டாக்சி அமர்த்த ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

இஸ்தான்புல்லில் விமானம் மாறுபவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. அந்த நகரத்தில் இரண்டு விமான நிலையங்கள் உள்ளன: ஐரோப்பியக் கரையில் இஸ்தான்புல் விமான நிலையம், ஆசியக் கரையில் சபிஹா கோக்சென். வந்திறங்குவது ஒன்றிலும் தாலமானுக்குக் கிளம்புவது மற்றொன்றிலும் என்று மலிவான இணைப்பைப் பதிவு செய்துவிட்டு, நகரத்தின் நெரிசலைக் கடக்க முடியாமல் விமானத்தைத் தவறவிடுவோர் உண்டு.

வாரச்சந்தை நாளையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஃபெத்தியேயில் சந்தை செவ்வாய்க்கிழமை. அன்று காலை மலையூர்க்காரர்கள் கீழே இறங்கி, பிற்பகலில் மூட்டைமுடிச்சுகளோடு திரும்புவார்கள். வண்டியில் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். நெரிசல் உங்களுக்கு ஒரு பொருட்டில்லை என்றால், ஊர்க்காரர்களோடு அறிமுகமாக அதைவிட நல்ல நாள் கிடையாது.

4. படுக்கையை உறுதி செய்யும் முறை

இந்த ஊர்களில் தங்குமிடம் என்றால் பெரும்பாலும் பான்சியோன், அதாவது குடும்பம் நடத்தும் சிறு விடுதி. விலை பேசும்போது இரண்டைத் தெளிவாகக் கேட்க வேண்டும்: தொகை ஆளுக்கா அறைக்கா என்பதும், “யாரிம் பான்சியோன்” என்று சொல்லப்படும் இரவுணவும் காலையுணவும் சேர்ந்த கணக்கா என்பதும். ஊரில் வேறு உணவகம் இல்லாத நிலையில் இரண்டாவது கேள்வியே முக்கியமானது. இரவுணவு தேவை என்பதை முன்தினமே சொல்லிவிடுங்கள். வீட்டு அடுப்பில் சமைப்பவர்களால் இருட்டிய பிறகு வந்து நிற்கும் நால்வருக்கு உடனே உலை வைக்க முடியாது.

முகவரிக் குழப்பம் ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டின் 6360ஆம் எண் சட்டத்தின் விளைவாக, 2014 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு முலா போன்ற பெருநகர மாகாணங்களின் கிராமங்கள் சட்டப்படி ‘மஹல்லே’, அதாவது நகராட்சிப் பகுதி, ஆகிவிட்டன. மேலும் ஃபராலியாவின் அதிகாரபூர்வப் பெயர் உஸுன்யுர்ட். ஆகவே பதிவுச் சீட்டில் ‘உஸுன்யுர்ட் மஹல்லெசி’ என்று இருந்தால் தவறான ஊரைப் பதிவு செய்துவிட்டதாகக் கலங்க வேண்டாம். ஆனால் அந்தப் பெயருக்குள் கபாக்கும் அடங்கும். இரண்டுக்கும் இடையே பல கிலோமீட்டர் மலைப்பாதை உண்டு. எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று உரிமையாளரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வந்ததும் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். தங்குவோர் விவரத்தைக் காவல்துறைக்கோ, ஊர்ப்புறக் காவலைப் பார்க்கும் ஜாந்தர்மாவுக்கோ தெரிவிப்பது விடுதி நடத்துவோரின் சட்டக் கடமை. விவரத்தைக் குறித்ததும் கடவுச்சீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள். ஓர் இரவு மட்டும் தங்குபவருக்கு முதல் மாலை களைப்பிலும் மறுநாள் காலை மூட்டை கட்டுவதிலும் போய்விடும். ஊர்க்காரர்களும் இரண்டாம் நாளில்தான் பேச்சுக் கொடுப்பார்கள்.

5. ஃபெத்தியேயிலேயே முடித்துக்கொள்ள வேண்டியவை

பணம் எடுங்கள். மலையூர்களில் ஏடிஎம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கோடையில் அட்டை ஏற்கும் இடங்களிலும் சிக்னல் போனால் கருவி வேலை செய்யாது. துருக்கியின் மிகப் பெரிய நோட்டே 200 லிராதான், பல ஆண்டுப் பணவீக்கத்தால் அதன் மதிப்பும் சுருங்கிவிட்டது. ஆகவே இரண்டு மூன்று நாள் செலவுக்கே தடிமனான ஒரு கட்டு தேவைப்படும். அதில் ஒரு பகுதியைச் சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். டொல்முஷிலும் தேநீர்க் கடையிலும் அதுதான் உதவும்.

சிம் வாங்குவதாக இருந்தால் மலைப்பகுதியில் டர்க்செல் மற்றவற்றைவிட நன்றாக எடுக்கிறது. அதற்காக அதையே நம்பியிராமல், நடைபாதையின் வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். மின்செருகிகள் ஐரோப்பிய இரு வட்ட முள் வகை. நம் மூன்று முள் செருகி நுழையாது.

குடும்பத்துடன் தங்கப் போகிறீர்கள் என்றால் லொக்கும், பக்லாவா போன்ற துருக்கிய இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முதலுதவி மருந்துகள், சூரியக் களிம்பு, தலைவிளக்கு ஆகியவையும் இங்கேயே. கழிப்பறைக்கு என்று தனியாக எதுவும் வேண்டாம். துருக்கியக் கழிப்பறைகளில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பியப் பயணிகளைவிட நமக்கு வசதி.

6. டொல்முஷில் ஏறுவது

தொலைதூரப் பேருந்துகள் ஒட்டோகார் என்ற பேருந்து நிலையத்தில் நிற்கும். டொல்முஷ்கள் நகரத்தின் வேறிடத்திலிருந்து கிளம்பலாம் என்பதால், ஒட்டோகாரில் இறங்கியதுமே “கபாக் டொல்முஷ்” என்று கேட்டு இடத்தை உறுதி செய்யுங்கள். கண்ணாடியில் ஊர்ப்பெயர் பலகை இருக்கும். ஒலூதெனிஸ் வரை மட்டும் போகும் வண்டிகள்தாம் அதிகம். அவற்றில் ஏறிவிட்டு அங்கே மறு வண்டிக்குக் காத்திருப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஏறியதும் சேருமிடத்தைச் சொல்லிப் பணத்தை முன்னிருக்கைக்காரர் கையில் கொடுத்தால் அது கைமாறி ஓட்டுநரை அடையும். மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். உங்கள் தோளைத் தட்டி யாராவது நோட்டை நீட்டினால் திகைக்காமல் முன்னால் கடத்துங்கள். இறங்க வேண்டிய இடம் நெருங்கியதும் “இனெஜெக் வார்” என்று குரல் கொடுக்க வேண்டும். ஒலூதெனிஸைத் தாண்டியபின் சாலை குறுகி, ஒருபுறம் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் மலைச்சரிவின் ஓரமாக வளைந்து வளைந்து ஏறுகிறது. குமட்டல் வருபவர்கள் முன்பகுதியில் அமர்ந்து, கிளம்பும்முன் வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

டொல்முஷ் கபாக்கோடு நின்றுவிடும். அலின்ஜா செல்பவர்கள் அங்கிருந்து நடக்க வேண்டும், அல்லது தங்குமிடத்தாரிடம் சொல்லி வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

7. ஊருக்குள் முதல் அரை மணி நேரம்

இறங்கியதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு சந்துகளில் நடக்கத் தொடங்காதீர்கள். சிறிய ஊரில் புதிய முகம் யார் வீட்டு விருந்தாளி என்பது தெரியாதவரை எல்லோரும் கவனித்துக்கொண்டேதான் இருப்பார்கள். நேரே தங்குமிடத்துக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரரோடு சிறிது நேரம் அமருங்கள். அதன்பின் எங்கே நடந்தாலும் “இன்னார் வீட்டில் தங்கியிருக்கிறேன்” என்று சொல்ல முடியும். அதுவே உங்களுக்குப் போதுமான அடையாளச் சீட்டு. சிக்கல் ஏதாவது வந்தால் அணுக வேண்டியவர் முக்தார், அதாவது ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த ஊர்த்தலைவர். அவசரத்துக்கு நாடு முழுவதும் 112 என்ற ஒரே எண்.

தேநீர்க்கடை ஆண்களின் இடம். ஆண் பயணி உள்ளே நுழையும்போது “ஸெலாமுன் அலெய்கும்” என்றோ “மெர்ஹபா” என்றோ பொதுவாகச் சொல்லிவிட்டு அமர்ந்தால் போதும். பெண்கள் நுழைவதற்குத் தடை ஏதுமில்லை. ஆனாலும் உள்ளே இருப்போரின் இயல்பான பேச்சு நின்றுவிடும் என்பதால், தனியாக வரும் பெண்கள் கோஸ்லெமே என்ற மடித்த ரொட்டியைச் சுடும் பெண்களின் கடைகளையோ விடுதித் திண்ணையையோ தேர்ந்தெடுத்தால் உரையாடல் எளிதாக அமையும். சிறு கண்ணாடிக் குவளை காலியானதும் மீண்டும் நிரம்பிக்கொண்டே இருக்கும். போதும் என்றால் கரண்டியைக் குவளையின் வாயின்மேல் குறுக்காக வைத்துவிடுங்கள்.

வயலில் வேலை செய்பவரைக் கடக்கும்போது “கொலாய் கெல்சின்” என்று சொல்வது எதிர்பார்க்கப்படும் மரியாதை. “ஹோஷ் கெல்தினிஸ்” என்று வரவேற்றால் “ஹோஷ் புல்துக்” என்பது பதில். மூத்த ஆணை ‘அம்ஜா’ என்றும் மூத்த பெண்ணை ‘தெய்ஸே’ என்றும் முறைசொல்லி அழைப்பது அங்கும் வழக்கம் என்பதால், இதில் நமக்குப் பயிற்சி தேவையில்லை.

தலையசைப்பில்தான் கவனம் வேண்டும். புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து நாக்கால் ‘ப்ச்’ என்று ஒலித்தால் ‘இல்லை’ என்று பொருள். சலிப்பாலோ அவமதிப்பாலோ செய்வதன்று. மாறாக, நாம் ‘சரி’ என்று இருபுறமும் தலையாட்டுவது அவர்களுக்கு விளங்காது. “இன்னும் கொஞ்சம் சோறு?” என்று கேட்கும் வீட்டுக்காரியின் முன் அப்படித் தலையாட்டிவிட்டு, வருமா வராதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய்விட்டு ‘எவெத்’ (ஆம்) அல்லது ‘ஹயிர்’ (இல்லை) என்று சொல்லிவிடுங்கள்.

8. வீட்டுக்குள்ளும் மேசையிலும்

வாசலில் காலணியைக் கழற்றினால் உள்ளே போட்டுக்கொள்ளத் தெர்லிக் என்ற வீட்டுச் செருப்பைத் தருவார்கள், அதை மறுக்காதீர்கள். கைகளில் எலுமிச்சை மணம் வீசும் கொலோன்யா என்ற நறுமண நீரை ஊற்றினால் இரு கைகளையும் குவித்து ஏந்தித் தேய்த்துக்கொள்ள வேண்டும். ரொட்டியைத் தரையில் வைப்பதும் மிதிபட விடுவதும் பெருந்தவறு. கீழே விழுந்த துண்டை எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, யார் காலும் படாத உயரத்தில் வைக்கும் பாட்டிகளை இன்றும் காணலாம். உணவுக்குப் பின் சமைத்தவரைப் பார்த்து “எலினிஸே சாலிக்” என்று சொல்லுங்கள்.

விடுதி அல்லாத வீட்டில் விருந்தோம்பினால் பணத்தை நீட்டாதீர்கள். வாங்கமாட்டார்கள், மனமும் நோகும். முன்பு சொன்ன இனிப்புப் பெட்டி அதற்குத்தான். ஆனால் விடுதியில் விருந்தாளியைப் போல உபசரிக்கிறார்கள் என்பதற்காகக் கணக்கைத் தீர்க்கக் கூச்சப்பட வேண்டாம், பேரமும் கடைசி நாளில் வேண்டாம்.

9. சைவ உணவுக்காரர்கள் கேட்க வேண்டிய முறை

“சைவம்” என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. ‘எத்’ என்றால் ஆட்டையோ மாட்டையோதான் பலர் நினைப்பார்கள். கோழியை அதில் சேர்க்காதவர்களும் உண்டு. ஆகவே “எத் யொக், தவுக் யொக், பாலிக் யொக்” என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியே மறுக்க வேண்டும். அதன்பிறகு “எத் சுயு வார் மி?”, இறைச்சிச் சாறு சேர்த்தீர்களா, என்று கேட்பதுதான் உண்மையான சோதனை, பருப்புச் சூப்பும் கோதுமைக் குருணைச் சோறும் பார்க்கச் சைவமாக இருந்து அந்தச் சாற்றில் வெந்திருக்கலாம்.

நம்பிக் கேட்கக்கூடியவை: ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் ‘ஸெய்தின்யாலி’ வகைக் காய்கறிகள், கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்த கோஸ்லெமே, முட்டை சேர்ப்பவர்களுக்குத் தக்காளியோடு முட்டையைக் கிளறிச் செய்யும் மெனெமென். காலையுணவில் கவலையே இல்லை. வெண்பாலாடைக்கட்டி, ஆலிவ், தக்காளி, வெள்ளரி, வீட்டு ஜாம், முலாவுக்கே பேர்போன பைன்மரத் தேன் என்று மேசை நிறைந்துவிடும்.

10. ஊரைச் சுற்றி நடக்கும்போது

இந்த ஊர்கள் வழியாகத்தான் 1999இல் குறியிடப்பட்ட லிக்கியப் பாதை என்ற நெடுநடைப் பாதை செல்கிறது. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமான இணைகோடுகள் சரியான வழியைக் குறிக்கும். பெருக்கல் குறி கண்டால் அந்தத் திசை தவறு. கால் மணி நேரம் நடந்தும் குறி எதுவும் தென்படவில்லை என்றால், மேலே போகாமல் கடைசியாகக் கண்ட குறிக்குத் திரும்புங்கள். கபாக்கிலிருந்து அலின்ஜாவுக்கு ஏறுவது மூன்று நான்கு மணி நேர வேலை. இடையே தண்ணீரை நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமந்து, காலையிலேயே கிளம்ப வேண்டும்.

ஃபராலியாவின் கீழே தெரியும் வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்குக்குப் பாறைச்சரிவில் கயிறு பிடித்து இறங்கும் வழி ஒன்று உண்டு. அதில் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒலூதெனிஸிலிருந்து படகில் போய்வாருங்கள்.

மந்தை நாய்கள் பெரியவை, மந்தையைக் காப்பதே அவற்றின் வேலை. ஆடுகளின் மணியோசை கேட்டதுமே பாதையை விட்டு அகன்று சுற்றிச் செல்லுங்கள். நாய் எதிரே வந்தால் ஓடாமல் நின்று, கண்ணோடு கண் பாராமல் மெல்லப் பின்வாங்கி, மேய்ப்பரைக் குரல் கொடுத்து அழையுங்கள். கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு நீண்ட நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். துருக்கியில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் உண்டு. பாதையோரம் வரிசையாக வைத்திருக்கும் தேன்பெட்டிகளையும் தள்ளிச் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் காட்டில் நெருப்பு மூட்டாதீர்கள். 2021இல் இதே மாகாணத்தின் காடுகள் எரிந்ததை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. வறண்ட மாதங்களில் காட்டுக்குள் நுழைவதையே மாகாண நிர்வாகம் தடைசெய்வதுண்டு என்பதால் விடுதியில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இந்தப் பகுதியில் பழங்காலக் கல்லறைப் பேழைகள் வயல் நடுவிலும் கிடக்கும். பானையோடு, செதுக்கிய கல், நாணயம் எதுவாயினும் எடுக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டின் 2863ஆம் எண் சட்டப்படி அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வது குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபட்டுக் கைதானவர்களும் உண்டு. சிறுவர் யாராவது பழைய நாணயத்தை விலைக்கு நீட்டினாலும் வாங்காதீர்கள்.

11. கிளம்பும் நாள்

முன்தின மாலையே விடுதிக்காரரிடம் காலை முதல் வண்டியின் நேரத்தைக் கேட்டு, முடிந்தால் ஓட்டுநருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். ஆள் நிற்பது தெரிந்தால் காத்திருப்பார்கள், தெரியாவிட்டால் நிரம்பிய வண்டி உங்கள் திருப்பத்தில் நிற்காமல் போய்விடும். கணக்கையும் அன்றிரவே தீர்த்துவிட்டால் காலையில் சில்லறை தேட வேண்டியிராது.

முதல் வண்டியைப் பிடித்து அன்று காலையே தாலமானில் விமானம் ஏறலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். பிற்பகல் விமானமானால் முடியும். காலை விமானமானால் முந்தின இரவு ஃபெத்தியேயிலோ தாலமானிலோ இருக்க வேண்டும்.